மஞ்சள் முடிச்சில் ஒரு நாலணா

தீப்பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு நாலணாதான் இருந்தது. கண்டக்டர் தெட்சிணாமூர்த்தி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். இரண்டு இருக்க வேண்டும். இரண்டிலுமே ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டு குறையும். பஸ்ஸில் யாரோ கொடுத்து, அடுத்தவர் வாங்க மறுத்து, அவர் பையிலேயே தங்கிப்போன காசுகள். தன் காசைப் போட்டுவிட்டு அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கோட்டுச்சேரியில் ஏறுகிறவர்கள் அவருக்குச் 'செல்லாக்காசு' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

அன்று காலைதான் கடிகாரக்கடை மீரா சாகிப் சொல்லியிருந்தார். "கடிபட்ட எடத்தையே பாத்துக்கிட்டிருந்தா ஒண்ணும் தெரியாது கண்டக்டரே. அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் பாருங்க."

காசடிக்கும் சாலையில் தகட்டில் வட்டம் வெட்டும்போது பக்கத்து ஓட்டைமேல் வெட்டு ஏறிவிட்டால் காசு குறையோடு பிறக்கிறது. விளிம்பை உருட்டி அமுக்கும்போது குறைக்கு எதிர்ப்பக்கம் தாங்கல் கிடைக்காது. அங்கே விளிம்பு மழுங்கிவிடும். பிறகு யாரோ வெட்டியதென்றால் எதிர் விளிம்பு மழுங்காமல் நிற்கும்.

"வெள்ளிக்கெழம கும்மோணத்துலேந்து நம்ம சிநேகிதர் வர்றாரு. அச்சுப்பிழைக் காசுகளப் பத்திப் புஸ்தகம் போடுறவரு. உங்களுது நெசமா இருந்தா உங்க பேரும் அதுல ஏறும்."

"எந்தப் பேரு பாய்? செல்லாக்காசுன்னா?"

"அடைப்புக்குறிக்குள்ள போடச் சொல்றேன்."

சிரித்துவிட்டு வந்தாலும் நடை வேகமாகிவிட்டது. இப்போது, மிஞ்சியிருந்த காசை ஜன்னலில் பிடித்தார். எதிர் விளிம்பு கூர்மையாக, முழுசாக இருந்தது. எவனோ கத்தரித்தது. மற்றதில் எதிர்ப்பக்கம் எழுத்துகள் மங்கியிருந்ததாக ஞாபகம். தேய்மானம் என்றுதான் அப்போது நினைத்தார்.

"அல்லி, இன்னொண்ணு எங்க?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அல்லி மோவாயால் சுவரைக் காட்டினாள். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. இரண்டு வாரத்துக்கு முன் மகள் செல்லத்துக்கு ஆறு நாள் காய்ச்சல் விடவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு அல்லி முடிந்து வைத்தது. மறுநாளே குழந்தை கஞ்சி கேட்டாள்.

"ஒடஞ்ச காசையா சாமிக்கு முடியறது?"

"நல்ல காசெல்லாம் பையில போட்டுக்கிட்டு நீங்க டூட்டிக்குப் போயிட்டீங்க. சாமி ஒண்ணும் ஒங்க பஸ்ஸுல ஏறுறவங்க மாதிரி திருப்பித் தரல."

"வேற காசு மாத்தி வச்சுட்டா..."

முறம் நின்றது. "தையில உண்டியல்ல போடுறவரைக்கும் அதுல கை வச்சீங்க, பாத்துக்குங்க."

மூன்று நாளும் அவர் நிலைகொள்ளவில்லை. போலகத்துக்குக் கேட்டவருக்குக் காரைக்கால்மேட்டுக்குச் சீட்டுக் கிழித்தார். சாப்பிடும்போது கண் ஆணிக்குப் போனது. செல்லத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது அவள், "ஏம்ப்பா, எனக்கு மறுபடியும் காய்ச்சலா?" என்றாள். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அல்லி தண்ணீருக்குப் போன நேரத்தில் முடிச்சு அவர் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. அவிழ்க்கவில்லை, அவிழ்க்காதவரை குற்றமில்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டார்.

ஜும்ஆ தொழுகைக்குள் முடிக்க வேண்டுமென்று கடையில் மீரா சாகிப் அவசரப்பட்டார். கும்பகோணத்துக்காரர் தீப்பெட்டிக் காசை ஒருமுறைதான் பார்த்தார். "வெட்டினது. வேற இருக்கா?"

தெட்சிணாமூர்த்தி முடிச்சை எடுத்தார். காய்ந்த மஞ்சளில் துணி தகடுபோல விறைத்திருந்தது. துணியோடு சேர்த்துக் காசைத் திருப்பினார். கட்டைவிரலுக்குப் பிறை தட்டுப்பட்டது. எதிர்ப்பக்கம் ஆள்காட்டி விரலால் தடவினார். மழுக்கமா, துணியின் மடிப்பா? இன்னும் அழுத்தித் தடவினார்.

"அவுத்துக் காட்டுங்க" என்றார் கும்பகோணத்துக்காரர், லென்ஸை நீட்டிப் பிடித்தபடி.

வாசல் வெயில் லென்ஸில் புகுந்து மஞ்சள் துணிமேல் விழுந்தது. காசளவு வட்டமாக விழுந்த வெளிச்சம், தெட்சிணாமூர்த்தி அவிழ்க்காமலே தடவத் தடவ, முடிச்சின்மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.