புள்ளி வைத்த அளவுகள்

ரேடியோ செத்துப் பதினெட்டு நாளாகிவிட்டது. அவளுடைய நீலச் சீருடை பேண்ட் தையல் மிஷினுக்கு இடது பக்கம் மடித்து வைத்த மேனிக்கே கிடந்தது. இடுப்பைப் பிரித்து விடக் கொடுத்தது. இனி அதை வாங்கிப் போக யாரும் வரப்போவதில்லை, தையல்காரிக்கு அது தெரியாமலா இருக்கிறது? ஆனாலும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கால் தானாக மிதியை விட்டுவிடும். "அக்கோவ், ஆச்சா?" என்று முதல் மாடியிலிருந்தே ஒரு குரல் கிளம்பி வரும் என்று காது பாட்டுக்குக் காத்திருக்கும். வாய் ஓயாது என்பதால்தான் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். ஒருத்தி போனதில் நாலு மாடிக் கட்டடமும் ஊமையாகிவிட்டது.

இன்றைக்குப் படியேறி வந்தது சிஸ்டர். சுகாதார நிலையத்து நர்ஸ். தோளில் கறுப்புப் பை, கையில் காகிதம், இரண்டாவது மாடி ஏறியதற்கே முகமெல்லாம் வியர்வை. தையல்காரியின் அறை படி திரும்புகிற மூலையில் இருப்பதால் கட்டடத்துக்கு வருகிற எல்லாரும் அங்கே ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கித்தான் மேலே போவார்கள்.

"அக்கா, ரெண்டாவது பேட்ச் லிஸ்ட். வியாழக்கிழமை காலைல எதுவும் சாப்பிடாம வரணும்னு சொல்லிடுங்க. சுகர், பிரஷர், கொழுப்பு மூணும் பாக்கணும்."

தையல்காரி காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். தன்னோடு இருக்கிற நாத்தனாரின் பெயர் இல்லை.

இந்த லிஸ்ட் விவகாரம் மூன்று மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் இடுப்பை அளந்து வரச்சொல்லி சிஸ்டருக்கு உத்தரவு. வயிற்றைச் சுற்றிச் சதை போட்டால் சர்க்கரையும் மாரடைப்பும் பின்னாலேயே வந்து நிற்கும், ஆகவே இடுப்பு பெரிதாக இருக்கிறவர்களை முதலில் கூப்பிட வேண்டும் என்று கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் யார் நின்று அளக்க விடுவார்கள்? பாதிப் பேர் பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. விடியும் முன்னே போய், பத்து மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்று, சர்க்கரை கொட்டிய டீயையும் மலிவாகக் கிடைக்கிற உடைந்த பிஸ்கட்டையும் மதியச் சாப்பாடாக்கிக்கொண்டு, வீடு திரும்பியதும் அடுப்படியில் நிற்கிறவர்கள். "டெய்லர் அக்காகிட்ட எல்லாரோட அளவும் இருக்கு, அங்க போய் எழுதிக்கோங்க" என்று கதவைச் சாத்தினார்கள். அந்த ஃபேக்டரிச் சீருடைகளை இருபது வருஷமாகப் பிரிப்பதும் தைப்பதும் அவள்தானே.

அவளும் அளவு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். சிஸ்டர் மிஷின் மேல் காகிதத்தை வைத்து மளமளவென்று பார்த்து எழுதினாள். எண்ணை மட்டும் எழுதினாள். எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகளை எழுதவில்லை. நோட்டில் அழுக்கு என்று நினைத்திருப்பாள், பாவம்.

அது அழுக்கில்லை. ஒரு புள்ளிக்கு ஒரு இன்ச். என்றைக்கோ ஒருத்தி தன் அளவை நோட்டில் பார்த்துவிட்டு, இந்த ஸ்டூலில் உட்கார்ந்தே அழுது தீர்த்தாள். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம். வாயால் குறைத்துச் சொல்லுவது, நோட்டிலும் குறைத்து எழுதுவது, கூட்ட வேண்டியதைப் புள்ளியாக வைத்துக்கொள்வது. துணியை மட்டும் சரியாக வெட்டுவாள். பேண்ட் கச்சிதமாக உட்காரும்போது யார் சந்தேகப்படப் போகிறார்கள்? "முப்பத்துமூணுதானா? அக்கா, உன் கைக்கு மட்டும் நான் இன்னும் கல்யாணப் பொண்ணுதான்!" என்று ரேடியோ கட்டடமே கேட்கிற மாதிரி சிரித்தாள். முப்பத்துமூன்றுக்குப் பக்கத்தில் ஐந்து புள்ளி.

சிஸ்டர் நோட்டைப் புரட்டிய அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. வாசலில் நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது, இத்தனை வருஷம் உங்களிடம் பொய்தான் சொன்னேன் என்று? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். முப்பத்தாறுக்கு மேற்பட்டவர்களை முதல் பேட்சில் கூப்பிட்டார்கள். அதில் இரண்டு பேரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, இருவரும் பிழைத்து, மாத்திரையோடு திரும்பி வந்தார்கள். ரேடியோ மூன்றாவது பேட்ச். "முதுகுல என்னமோ புடிக்குதுக்கா, தாடையெல்லாம் வலிக்குது, கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போனவளை சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து யாருடைய இடுப்பில் டேப்பைச் சுற்றினாலும் தையல்காரிக்குக் கை சில்லிட்டுப்போகிறது. சுற்றியிருப்பது ரேடியோவின் இடுப்பு என்றே படுகிறது. நிமிர்ந்து பார்க்கவே பயம். நிமிர்ந்தால் அவள் முகம் இருக்குமோ, கொன்னுட்டியே அக்கா என்று சிரித்துக்கொண்டே கேட்பாளோ என்று.

"சிஸ்டர், என் நாத்தனார் பேரு இதுல காணோமே."

சிஸ்டர் பையிலிருந்து பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். "அவங்க முப்பத்துமூணு. மூணாவது பேட்ச்ல வராங்க. அடுத்த மாசம்."

"இப்பவே சேத்துக்கங்களேன். படியேறினா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. கேட்டா கேஸுங்கிறா."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்கக்கா. நாப்பது பேருக்குத்தான் டெஸ்ட். ஒருத்தரைச் சேத்தா ஒருத்தரை எடுக்கணும். முப்பத்துமூணு இன்ச்சுக்காரங்களுக்காக நான் யாரை எடுக்கிறது, நீங்களே சொல்லுங்க."

கணவன் போன பிறகு தையல்காரிக்கு இந்த உலகத்தில் இருப்பது அந்த நாத்தனார் ஒருத்திதான். ஒரே அறை, ஒரே பாய். வாழாவெட்டி என்று நாத்தனாரை ஊர் சொன்னபோது, வாடி என்கூட இருந்துக்கோ என்று கையைப் பிடித்து அழைத்து வந்தவள் தையல்காரிதான். அடுத்த மாதம் வரை அவள் அந்த நெஞ்சோடு படியேற வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறை.

தையல்காரி எழுந்து கதவைச் சாத்தினாள். சிஸ்டரை ஸ்டூலில் உட்காரவைத்து, நோட்டை எடுத்து அவள் மடியில் விரித்து வைத்தாள். புள்ளிகள் மேல் விரலை வைத்தாள். சொல்லிவிட்டாள். ஒரு புள்ளிக்கு ஒரு இன்ச் என்று.

சிஸ்டர் பக்கம் பக்கமாகத் திருப்பி உதடு அசைய எண்ண ஆரம்பித்தாள். ரேடியோவின் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

"முப்பத்தெட்டு," என்றாள். "இவங்க முதல் பேட்ச்லயே வந்திருக்கணும்."

"வந்திருந்தா பொழச்சிருப்பாளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தாள் தையல்காரி. சிஸ்டர் நல்லவள்தான். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள்.

"எனக்குத் தெரியலக்கா. பிரஷராவது தெரிஞ்சிருக்கும்."

வெளியே எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம். தையல்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சிஸ்டர் குனிந்து இரண்டாவது பட்டியலில் பெயர்களை அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். பதினொரு பெயர் மாறியது.

"இதுவும் பழைய அளவுதானே? ஒவ்வொருத்தரையும் புதுசா அளக்கணும்," என்றாள் சிஸ்டர். "அவங்க முன்னாடி, சரியான நம்பரைச் சொல்லி அளக்கணும். ஏன்னு கேப்பாங்க. நீங்கதான் சொல்லணும்."

"ரேடியோ புருஷன்கிட்டயும் சொல்லணுமா?"

சிஸ்டர் நோட்டில் ரேடியோவின் பக்கத்தை மறுபடி திருப்பினாள்.

கதவு தட்டிய சத்தம். ஷிஃப்ட் முடிந்து நாத்தனார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். நெற்றியில் ஒட்டிய மாவைப் புறங்கையால் துடைத்தாள்.

"என்ன அண்ணி, பட்டப்பகல்ல கதவ சாத்திக்கிட்டு? சிஸ்டர் வந்திருக்காங்க, ஒரு டீ கூடப் போடல. கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"இங்க வா. கையத் தூக்கு."

"புது பேண்ட்டா? யாரு குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே நடுவில் வந்து நின்று கையை விரித்தாள். தையல்காரி டேப்பை அவள் முதுகுப் பக்கமாகக் கொடுத்து முன்னால் இழுத்தாள். நிமிராமல் தொப்புளுக்கு நேரே டேப்பைச் சேர்த்துப் பிடித்தாள்.

நாத்தனார் போட்டோவுக்கு நிற்கிறவள் மாதிரி வயிற்றை எக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

"எவ்ளோ அண்ணி? அதே முப்பத்துமூணுதான?"

"மூச்ச விடு."

"விட்டுட்டேனே."

"விடலடி. விடு. உனக்குப் புண்ணியமாப் போகும், மூச்ச விடு."

அவள் குரலில் இருந்ததைக் கேட்டு நாத்தனாரின் சிரிப்பு மெல்லப் போனது. குனிந்து அண்ணியின் உச்சந்தலையைப் பார்த்தாள், சிஸ்டரின் பேனாவைப் பார்த்தாள். மூச்சை விட்டாள். தையல்காரியின் விரலிடுக்கில் டேப் நகர ஆரம்பித்தது.

"முப்பத்தேழு," என்றாள் தையல்காரி, வாய்விட்டு. "முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது."

நாத்தனாருக்கு நோட்டில் வைத்திருந்த ஆறு புள்ளிக் கணக்கும் அதோடு முடிந்துவிட்டது. டேப் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.