டெல்மர் விட்டுப்போன கிட்டார்

டென்னசியின் பெல் க்ரீக் ஊரில், வெர்னா கிம்ப்ரோ வீட்டுப் பின்னறையில் இருந்த எலக்ட்ரிக் கிட்டார் தன் சுருதியைத் தானே சேர்த்துக்கொண்டது. பகலெல்லாம் தந்திகள் தளர்ந்து கிடக்கும். சாயங்காலம் வெர்னா துவைத்த துணிகளை மடித்து வைக்க உள்ளே போனதும், தலைப்பக்கத்துப் பிருடைகள் தாமாகத் திரும்பி, தந்திகளை ஒவ்வொன்றாக முறுக்கி, சரியான இடம் வந்ததும் நின்றுகொள்ளும். ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் மக்காச்சோளம் விலை இறங்கியது, தேவாலயத்துக்கு வெள்ளையடித்தார்கள், வெர்னா வீட்டுக் கிட்டார் வழக்கம்போல் சுருதி சேர்ந்தது, அவ்வளவுதான். வயிறு எரிந்தது ஒரே ஆளுக்கு, அவள் புருஷன் ஹாலிஸுக்கு.

காரணம் இருந்தது. அந்தக் கிட்டார் வெர்னாவின் முதல் புருஷன் டெல்மருடையது. மதுக்கடை மேடைகளில் வாசித்தவன், ஒரு மழைநாளில் பாலத்திலிருந்து வண்டியோடு ஆற்றில் விழுந்து இருபத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு ஹாலிஸ் அவளைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இதற்குள் ஹாலிஸுக்குத் தொப்பை விழுந்தது, முன்மண்டை வழுக்கையானது, குனிந்தால் முட்டி சொடக்குப் போட்டது. செத்த பயலுக்கு இன்னமும் இருபத்தெட்டுதான். இந்த அநியாயத்தை யாரிடம் போய் முறையிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் பழைய கிட்டார்களின் வயதைக் கண்டுபிடித்து விலை சொல்வதுதான் ஹாலிஸின் பிழைப்பு. நாஷ்வில்லிலிருந்து பெரிய வியாபாரிகளெல்லாம் அவர் கடைக்கு வந்து, அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த ஒரு கிட்டாரைத்தான் அவர் திருகு கழற்றிப் பார்த்ததில்லை. கடைக்குக் கொண்டுபோகவும் கூடாது, தொடவும் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே வெர்னா சொல்லிவிட்டாள். அவரும் அந்த அறைப்பக்கம் தனியாகப் போனதே கிடையாது. சாயங்காலம் அவள் உள்ளே போகும்போது மட்டும் செய்தித்தாளும் கையுமாகப் பின்னாலேயே போய்க் கதவருகே நின்று, தந்திகள் முறுகும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பார். உதட்டை இறுக்கிக்கொண்டு மடித்த சட்டையையே மறுபடி மடிப்பாள். பழைய புருஷனை நினைத்து அழுகையை விழுங்குகிறாள் என்று இவருக்கு நெஞ்சு காந்தும்.

மலிவாகத் தட்டிக்கொண்டு போக விதவைகளிடம் வியாபாரிகள் என்ன சொல்வார்கள் என்பது ஊரறிந்தது. இது பிற்காலத்துச் சரக்கம்மா, பெரிதாகப் போகாது என்பார்கள். ஹாலிஸோ டெல்மரின் கிட்டார் மகா விலையுள்ளதாக இருக்கவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரார்த்தித்தார். மலிவானது என்றால் ஆசைக்காக வைத்துக்கொள்வாள், விலை ஏறினால் ஒருவேளை விற்பாள். அந்த மார்ச் மாதம் கூரை ஒழுகி மெத்தை நனைந்தபோது தைரியம் வந்து, கிட்டாரைக் கழற்றி விலை பார்க்கட்டுமா என்று கேட்டார். வெர்னா, தன் கண்ணெதிரில் சமையலறை மேசைமேல் வைத்துப் பார்ப்பதென்றால் சரி என்றாள்.

தந்திகளைக் கழற்றி, கழுத்தை உடம்போடு பிணைக்கும் நாலு திருகுகளையும் எடுத்தார். கழுத்தின் அடியில் தொழிற்சாலை ஆள் பென்சிலால் எழுதிய தேதி இருந்தது, ஐம்பத்தேழாம் வருஷம் மே மாதம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் முதுகில் குத்தியிருந்த எண்களும் அதே வருஷத்தைச் சொல்லின. உள்ளே கம்பிகளை ஒட்டியிருந்த ஈயப் பற்றுகளை யாரும் தொட்டதில்லை. புற ஊதா விளக்கடியில் வார்னிஷ் பழைய பூச்சுக்கே உரிய மங்கிய பச்சையில் ஒளிர்ந்தது. டெல்மரின் முழங்கை உரசி உரசி ஓரத்தில் வண்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. அதை மெருகேற்றித் துடைத்தால் விலை பாதியாகிவிடும், அப்படியே விடவேண்டும் என்பது தொழில் தர்மம். ஆக, செத்தவன் வேர்வைக்கும் சேர்த்து இவர்தான் விலை போடவேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

"எவ்வளவு போகும்?" என்றாள் வெர்னா.

"ரெண்டு வீடு வாங்கலாம். மீன்பிடிக்கக் குளத்தோட."

"அப்ப வித்துத் தொலை."

சொல்லிவிட்டு இரும்புச் சட்டியிலிருந்த சோளரொட்டியைத் தட்டில் கவிழ்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஹாலிஸுக்கு அதுவும் பொறுக்கவில்லை. இவ்வளவு லேசாக விடுகிறாள் என்றால் உள்ளே எவ்வளவு ஆழமாகப் புதைத்து வைத்திருக்கவேண்டும் என்று அன்று முழுக்கப் புழுங்கினார்.

டல்லஸிலிருந்து ராய்ஸ் ஹட்டன் என்ற சேகரிப்பாளர் சனிக்கிழமை எடுத்துப்போவதாக ஏற்பாடு. அன்று காலை வெர்னா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். புதுத் தந்தி போட்டிருந்த கிட்டாரைப் பெட்டியில் வைக்க ஹாலிஸ் முதன்முறையாக அந்த அறைக்குள் தனியாகப் போனார். பிருடைகள் திரும்பின. வெர்னா வந்துவிட்டாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார், முற்றம் காலி. வெளியே போனார், தந்திகள் தளர்ந்தன. உள்ளே வந்தார், முறுகின. அத்தனை கிட்டார்களைச் சோதித்த மனிதர் அங்கிருந்த கட்டிலில் உட்கார்ந்தார். வெர்னா திரும்பி வந்து கதவருகே நின்றபோதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

"இப்பதான் தெரிஞ்சுதாக்கும் தொரைக்கு?"

"நீ உள்ள வந்தாதானே அது..."

"நான் நாள் பூரா இங்க வரேன் போறேன், அசையாது. நீ பூனையாட்டம் என் பின்னால வந்து நின்னா போதும், உடனே சிங்காரிச்சுக்குவா அம்மணி!"

"அப்ப டெல்மருக்கு?"

"அவனுக்கு ஏது காது? நான்தான் சுருதி சேத்துக் குடுப்பேன். நீ பீச் பழப் பையத் தூக்கிக்கிட்டு மொதமொத இந்த வீட்டு வாசப்படி ஏறின பாரு, அன்னிக்குத் தொடங்கினா. என் புருஷன ஒரு மரக்கட்டை மயக்கப் பாக்குது, நான் துணி மடிச்சுக்கிட்டு நிக்கணும்!"

"கடைக்குக் கொண்டுபோக விடலையே நீ?"

"விட்டா? நாள் பூரா உன் மடியிலயே கெடக்கவா?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஹாலிஸுக்குத் தன் காது மடல்கள் சூடாவது தெரிந்தது. தன்பொருட்டு ஒரு பெண் வயிறெரிவது அவர் ஆயுளில் இதுவே முதல் தடவை. வாசலில் ராய்ஸ் ஹட்டனின் கார் வந்து நின்றது. போ, குடுத்தனுப்பு என்று வெர்னா அவரைத் தள்ளினாள். ஹாலிஸ் வெளியே போய், வயதில் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார். ஹாலிஸ் சந்தேகம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. ராய்ஸ் ஹட்டன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதமும் சந்தேகம் தீரவில்லை. வருஷங்கள் போயின, விலை நாலு வீடானது, ராய்ஸ் ஹட்டன் கைத்தடி ஊன்றத் தொடங்கினார். அவர் டெலிபோன் செய்யும்போதெல்லாம் ஹாலிஸ் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்: "டல்லஸ்காரர் கேக்கறார், குடுத்துடலாமா?"

"இன்னிக்கே அனுப்பு அந்தச் சிறுக்கிய!" என்று அங்கே சட்டி டமாரென்று விழும்.

அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, வயது இன்னும் பிடிபடவில்லை என்று ஹாலிஸ் டெலிபோனில் சொல்வார்.