கூரைக்கு வடிகட்டி இல்லை

உலகத்தில் எடுக்கப்பட்ட எந்தப் படத்தையும் நான்கு சொடுக்கில் கண்டுபிடித்துவிட முடியும் என்பது ஜாவித்தின் தீர்மானமான கருத்து. கல்லூரியில் கணினி படிக்கும் இரண்டாவது ஆண்டிலேயே இந்த முடிவுக்கு வந்துவிட்டதால், மூன்றாவது ஆண்டு எதற்கு என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

அதனால் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மைதீன் மாமா நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை நீட்டியபோது அவன் பதறவில்லை. கடை வாசலில் இருக்கும் நீலத் தகரக் கூரை 2012க்கு முன்பே இருந்தது என்பதற்குப் படம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை இறக்கிவிடுவார்கள். கூரைக்குக் கீழே ரொட்டிக் கல் இருந்தது. கல்லுக்குப் பின்னால் ஆறு வருஷமாகக் கலியமூர்த்தி இருந்தார். உள்ளே கல் வைக்க இடமில்லை, கல் இல்லாமல் ரொட்டி போடுகிறவருக்கு வேலை பெர்மிட் புதுப்பிக்கவும் முடியாது என்று மாமா தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டார். கலியமூர்த்தியின் மகள் ஊரில், மன்னார்குடியில் நர்ஸிங் முதல் வருஷம்.

மாமாவிடம் ஆட்கள் படம் நிறைய உண்டு. கூரையை யார் எடுப்பார்கள்? ஆனால் கடை இருக்கும் தெருவில் சுற்றுலாப் பயணிகள் எடுக்காத சந்து கிடையாது. எடுத்ததையெல்லாம் படம் பகிரும் தளத்தில் போட்டும் வைத்திருந்தார்கள்.

மத்தியான ஓய்வில் கலியமூர்த்தி அதே தளத்தைத் தன் போனில் திறந்து, தெருவின் பெயரைப் போட்டு, பழைய படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் மாவு காய்ந்திருந்தது. பக்கம் முடிந்ததும் ஆர்டர் சீட்டில் ஒரு கோடு. ஜாவித் எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, இந்த ஸ்பீடுல போனா உங்க பெர்மிட் முடியும், படம் முடியாது லா.”

கலியமூர்த்தி சிரிக்கவில்லை. “முடியிற வரைக்கும் பாப்போம் தம்பி.”

ஜாவித் மடிக்கணினியை விரித்தான். 2012க்கு முன், ஒன்று. வரைபடத்தில் கடை இருக்கும் இடம், இரண்டு. பெரிய அளவுப் படம் மட்டும், மூன்று. தேடு, நான்கு. படம் எதுவும் இல்லை என்று வந்தது. இன்டர்நெட் லைனைத் திட்டினான், கணினியை அணைத்து எழுப்பினான். அப்போதும் இல்லை.

“ஒண்ணுமே இல்லியா?” என்றார் மாமா. “அந்தக் காலத்துல பிரிக்பீல்ட்ஸே இல்லியாடா?”

தேடலுக்குப் போட்ட வடிகட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பழைய கேமராக்களுக்குத் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. வரைபடத்தைக் கேட்டால் பழையவை விடுபட்டுவிடும், பழையதைக் கேட்டால் வரைபடம் காலி. பெரிய அளவு என்று கேட்டால் அந்தக் காலத்துச் சின்னப் படங்களும் போச்சு. வரைபடத்தையும் அளவையும் நீக்கிவிட்டுத் தெருப்பெயரைப் போட்டான். மறுபடியும் பூஜ்யம். இருபது நிமிடம் கழித்துத்தான், போன வாரப் பாடத்துக்காகப் போட்ட ‘கறுப்பு வெள்ளை மட்டும்’ இன்னும் அணையாமல் இருப்பதைக் கண்டான். தளத்தில் ஏதோ கோளாறு, தான் சரிசெய்துவிட்டதாக மாமாவிடம் சொன்னான்.

இப்போது பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள் வந்தன. தகரக் கூரைக்கு வடிகட்டி இல்லை. நீல நிறம் மட்டும் என்று கேட்டுப் பார்த்தான். வானம் வந்தது. நிறைய வானம்.

நான்கு மணிக்குக் கலியமூர்த்தி கை கழுவிவிட்டு எழுந்தார். ரொட்டிக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். போகிற போக்கில் சீட்டை ஜாவித்தின் பக்கம் நகர்த்தினார். “நாப்பத்தொண்ணு வரைக்கும் பாத்தாச்சு.”

ஜாவித் சீட்டைத் தொடவில்லை. மாமா தேத்தண்ணீரை இழுத்து ஆற்றத் திரும்பும்வரை காத்திருந்தான். பிறகு நீலத்தை நீக்கி, பழையது முதலில் என்று மாற்றி, நாற்பத்திரண்டாவது பக்கத்தைத் திறந்தான்.

பூமாலைக் கடை. ஒரு வெள்ளைக்காரியின் செருப்பு. யாரோ ஒருவரின் கல்யாணக் கார். மழையில் ஒரு பஸ். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, ஓரங்களைப் பார்த்து, மூடினான். ஐம்பத்தாறாவது பக்கத்தில் அதே மழை, அதே பஸ், கொஞ்சம் நகர்ந்திருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் எதன் விளிம்பிலிருந்தோ தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. எடுத்த தேதி 2009.

அடுத்த படத்தைத் தட்டினான். அது மேலிருந்து மெதுவாக இறங்கியது: நனைந்த மின்கம்பி, மாடி ஜன்னல், யாரோ காயப்போட்டு எடுக்க மறந்த ஒரு துண்டு. அதற்குக் கீழே படம் இன்னும் வந்து சேரவில்லை, சாம்பல் நிறம்தான்.