மூடிக்குள் சிவப்புப் பொட்டு

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு, பழைய நூல் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் ஷெட்டில், வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் வந்து இறங்கின.

இறக்கியவன் மொட்டை. மூட்டைக்கு எட்டுப் பெட்டி. தோளைச் சாய்த்து அவன் தள்ளும்போதெல்லாம் சிமெண்டுத் தரை அதிர்ந்தது. உள்ளே அட்டைத் தூள் அதற்குள் பறக்க ஆரம்பித்திருந்தது. மத்தியானம் மூக்கைச் சிந்தினால் பழுப்பாக வரும். டேப் மேசையில் ஆறு வருஷமாக நின்று டேப்பக்கா என்றே பெயராகிவிட்டவள், அட்டை விளிம்பு கிழித்த கட்டைவிரலில் டேப்பையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு முதல் பெட்டியை இழுத்தாள்.

"இன்னிக்கு எத்தனை செங்கல் மொட்டை?"

"பாதி வீடு கட்டலாம்க்கா. ஜன்னல் அடுத்த லோடுல வருமாம்."

பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை.

இரும்பு அறுக்கும் கட்டிங் மெஷினைக் கோத்து, பெட்டியில் அடைத்து, ஆன்லைனில் விற்கும் இடம் அது. வாங்குகிறவர்களில் சிலர் புது மெஷினை வைத்துக்கொண்டு, வீட்டில் எரிந்துபோய்க் கிடந்த பழையதில் புதுசின் ஸ்டிக்கரை ஒட்டி, 'பழுது' என்று திருப்பி அனுப்பினார்கள். சிலர் அந்தச் சிரமமும் படாமல் செங்கல்லை வைத்தார்கள். விற்றுக் கொடுக்கும் கம்பெனி எடையை மட்டும் பார்த்து, வாங்கியவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். நஷ்டம் முதலாளி தலையில். முதலாளி அதைத் தலையில் வைத்திருக்கவில்லை. "நீங்கதான் உள்ளேயே மாத்துறீங்க, திருட்டுக் கூட்டம்" என்று, பெட்டி அடைத்தவர்களின் சம்பளத்தில் மூன்று மாதமாகக் கழித்துவந்தார்.

ரிட்டன் மேசையில் டேப்பக்காவின் நாத்தனார், சின்னவள். போன வாரம் முதலாளியின் மச்சான் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தான். பெட்டியைப் பிரிப்பதில் தொடங்கி, மெஷினை நாற்பது நொடி ஓடவிட்டுக் காட்டுவதுவரை ஒரே வீடியோவாக எடுக்க வேண்டும். ஓட்டிக் காட்டாத பெட்டிக்கும் சம்பளத்தில் கழிப்பேன் என்று முதலாளி சேர்த்துக்கொண்டார். ஒரு கையில் போன், மறு கையில் மெஷின். இரண்டு கையால் பிடிக்க வேண்டிய மெஷின் அது.

"போன் பிடிக்க இன்னொரு ஆள் குடுங்கண்ணே" என்று அவள் கேட்டாள்.

"செல்ஃபி எடுக்கத் தெரியும்ல? அப்ப இதுவும் தெரியும்" என்றான் மச்சான்.

சின்னவள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே வேறொன்றும் கேட்டிருந்தாள். "அண்ணி, பொட்டு விஷயத்தைச் சொல்லிடலாமா? நாம திருடலைன்னு தெரிஞ்சிடுமே."

"வாயை மூடு. இருக்கிற பிழைப்பும் போயிடும்."

பொட்டு விஷயம் பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். போன வருஷம் யார் அதிகம் அடைத்தது என்று ஒரு சண்டை. அதைத் தீர்க்க, மெஷினின் பக்கவாட்டில் மோட்டாருக்குக் கார்பன் கட்டை போடும் சின்ன மூடியைத் திருகித் திறந்து, உள்ளே அவரவருக்குப் பிரித்த இடத்தில் ஒரு பொட்டு சிவப்பு நகப்பூச்சு வைத்தார்கள். சண்டை மறந்துபோனது, பழக்கம் ஒட்டிக்கொண்டது. பொட்டு வைக்காத மெஷினைப் பெட்டியில் போட யாருக்கும் கை வராது. ஆனால் கோத்து முடித்த மெஷினில் திருகைத் தொட்டால் வேலை நீக்கம் என்று முதலாளி எழுதி ஒட்டிய தாள் சுவரில் தொங்கியது.

ஆறரைக்கு ஒன்பதாவது பெட்டி. சின்னவள் இடது கையில் போனைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் மெஷினை எடுத்தாள். அறுப்புத் தட்டை மறைக்கும் காவல் தட்டு இல்லை. "தட்டு இல்லாம வந்திருக்கு" என்று போனுக்குச் சொல்லிவிட்டு ஸ்விட்சைத் தள்ளினாள்.

மெஷின் ஒற்றைக் கையில் துள்ளியது. விரிசல் விட்டிருந்த அறுப்புத் தட்டு வெடித்தது. ஒரு துண்டு தகரக் கூரையில் பாய்ந்து நின்றது. ஒன்று அவள் கன்னத்தைக் கண்ணுக்குக் கீழே பிளந்தது. இன்னொன்று போன் பிடித்த கைக்குள் போய் வெளியே வந்தது. இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. ரத்தம் பெட்டிகளின் மேல் கோடாகத் தெறித்தது. மெஷின் தரையில் சுழன்று ஒயரைக் கடித்துப் பொறி கக்கி நின்றது.

டேப்பக்கா மேசையைத் தாண்டிக் குதித்தாள். கட்டத் துணி தேட நேரமில்லை. பழுப்பு டேப்பை இழுத்து மணிக்கட்டில் இறுக்கி இறுக்கிச் சுற்றினாள். கம்பெனிப் பெயர் அச்சடித்த டேப்பின் ஓரங்களில் ரத்தம் கசிந்தது.

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி ஓடிவந்தார். கீழே கிடந்த போனைக் குனிந்து எடுத்தார்.

"வீடியோ பதிவாச்சா?"

மொட்டை, வெளியே நின்ற வேனில் ஏறி, ஏழு மணி பிக்கப்புக்கு அடுக்கியிருந்த பெட்டிகளைத் தெருவில் வீசத் தொடங்கினான். "படுக்க வைக்க இடம் பண்றேன். தூக்கிட்டு வாங்க!"

"லோடு மேல கை வைக்காதடா!" ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியோடு மச்சான் பாய்ந்தான். முதல் அடி பெட்டியில் விழுந்தது. இரண்டாவது மொட்டையின் கழுத்தெலும்பில். காய்ந்த கட்டை முறிகிற சத்தம் கேட்டது. மொட்டை முட்டிபோட்டான். கம்பியை மூன்றாவது முறை அவன் ஓங்கியபோது டேப்பக்கா கையிலிருந்த டேப் கட்டரால், அதன் இரும்புப் பல்லால், மச்சானின் வாயில் ஓங்கி அடித்தாள். உதடு இரண்டாகப் பிளந்தது. நாலு பேர் கம்பியைப் பிடுங்கினார்கள். ஒருத்தி அவன் சட்டையைக் கிழித்தாள், இன்னொருத்தி உதைத்தாள். ஒரு கிழவி அவன் காதைக் கடித்துவிட்டு, "மூணு மாசமா திருடி திருடின்னியே, இந்தா!" என்று துப்பினாள். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடி அறைக்குள் ஓடினான்.

வேனில் சின்னவளைக் கிடத்தினார்கள். மொட்டையும் தொங்கும் தோளோடு ஏறிக்கொண்டான். டேப்பக்கா கால் வைத்தபோது சின்னவள் நல்ல கையால் அவளைத் தள்ளினாள்.

"நீங்க வராதீங்கண்ணி. அந்த மெஷினை ஒளிச்சிடுவாங்க. மூடியைத் திறங்க."

வேன்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். வாயை மூடச் சொன்னவள் டேப்பக்காதான். அவள் உள்ளே வந்தாள். ஈரமாயிருந்த மெஷினை எடுத்து, முதலாளியின் முகத்துக்கு நேரே வைத்து மூடியைத் திருகினாள். உள்ளே கரி மட்டும்தான்.

"பொட்டு இல்ல. இது எங்க கை பட்ட மெஷினே இல்ல சார்."

யாரும் சொல்லாமலே பெண்கள் மற்றப் பெட்டிகளை இழுத்தார்கள். ஒவ்வொரு மூடியையும் அவர் பார்க்கத் திறந்தார்கள். முப்பத்தேழில் பொட்டு இல்லை. பதினொன்றில் மெஷினே இல்லை.

முதலாளியின் குரல் இறங்கியது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா வேலை போயிருக்கும். நீங்க ஒட்டின தாள் அங்கதான் தொங்குது."

"சரி, விடு. இதை வச்சுக் கம்பெனிக்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். எல்லாருக்கும் நல்லதுதானே? அடுத்த வண்டி பத்து மணிக்கு. ஒட்டுங்க."

"ஆஸ்பத்திரி செலவு?"

"அது அவ கவனக்குறைவு. தட்டு இல்லாம யார் ஓட்டச் சொன்னா?"

"ஓட்டிக் காட்டலைன்னா கழிப்பேன்னு சொன்னது யாரு?"

"நானும் ஏமாந்தவன்தான்மா."

"உங்களை ஏமாத்தினவன் மூஞ்சி எங்களுக்குத் தெரியாது சார். எங்களை ஏமாத்தினவர் மூஞ்சி தெரியுது."

அவள் டேப் உருளையைத் தரையில் வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். பத்தொன்பது பேர். இரண்டு பேரின் வைத்தியச் செலவும் சம்பளமும், ரிட்டன் மேசையில் எப்போதும் இரண்டு ஆள், சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பது: மூன்றையும் பெட்டி அட்டையில் எழுதி, சுவரில் தொங்கிய தாளின் மேல் டேப்பால் ஒட்டினார்கள். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் முதலாளி. "கூப்பிடுங்க, அந்த வீடியோவையும் காட்டுங்க" என்றாள் காதைக் கடித்த கிழவி.

மத்தியானம் பக்கத்து ஷெட்டில் செருப்பு அடைக்கிறவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். "எங்க பெட்டியில தேஞ்ச செருப்பு திரும்பி வருது. எங்க சம்பளத்துலதான் கழிக்கிறாங்க" என்றாள் முன்னால் நின்றவள். டேப்பக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

நாலு மணிக்கு வேன்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். சின்னவளின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். கண் தப்பியது. மொட்டைக்கு ஆறு வாரம் கட்டு. முதலாளி கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. பிக்கப் வண்டி அன்று மூன்று முறை வந்து, மூன்று முறையும் காலியாகத் திரும்பியது. ஐந்தரை மணிக்கு ஷெட்டுக்குள் முப்பத்துமூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.