எண்ணெய் குறைத்த கஞ்சி

1

இந்தக் கதை என் வாயிலிருந்து தொடங்கியது. பெருமைக்குச் சொல்லவில்லை, இது வாக்குமூலம். போன தை மாதம் எங்கோ படித்த ஓர் ஆராய்ச்சிச் செய்தியை என் நண்பர் லிங்கராஜின் மனைவி உமாராணியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "துறைமுகச் சாலையில் மாலை ஆறு மணிக்குக் கடல்காற்றை மீறிச் சால்னா மணக்கும்..."

(வேண்டாம். படிக்கிறவருக்குப் பசிக்கும்.)

இரண்டாவது: லிங்கராஜ் எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் இருபத்திரண்டு வருடம் சால்னா மாஸ்டர். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, "உப்பு பத்தாதுலே" என்பார். ஐம்பத்தோராம் வயதில் உணவுக்குழாயில் புற்று. விழுங்க முடியவில்லை. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். எண்ணெய் சேர்த்து அரைத்து வடிகட்டிய கஞ்சி அதன் வழியே போனது. நாலு கிலோ ஏறினால் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டர்.

லிங்கராஜ் கேட்டது ஒன்றுதான். "ஏளா, நாக்குல ஒரு சொட்டு சால்னா வையி. துப்பிருதேன்."

உமாராணி வைத்தார்.

"வெந்நி மாரி இருக்கு" என்று அழுதார் லிங்கராஜ்.

3

நான் உமாராணியிடம் சொன்னது: கொழுப்பு குடலுக்குள் போனதும், 'போதும்' என்று மூளைக்குத் தகவல் போகிறதாம். அதன்பின் நாக்கில் படும் ருசிக்கு மூளை மங்கலாகத்தான் பதில் சொல்கிறதாம்.

சொல்லாமல் விட்டது: அந்த ஆராய்ச்சியில் சோதித்தது நலமாக இருந்தவர்களை. லிங்கராஜுக்கோ ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். நாக்கு அதனாலும் மரத்திருக்கலாம்.

(தெரிந்தே விட்டேனா? இல்லை. படித்ததை முழுசாகச் சொல்லும் பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.)

4

உமாராணி எண்ணெயை நிறுத்தினார். காலைக் கஞ்சியையும் ருசி பார்த்த பிறகுதான் என்று தள்ளிப்போட்டார். ஐந்தாம் நாள் போனில் கத்தினார். "அண்ணாச்சி! புளி கூடிட்டுன்னு சொல்லுதாவ! என்னய ஏசுதாவ!"

அழுகையும் சிரிப்புமாகப் பேசினார். நானும் அன்று...

(மகிழ்ந்தேன். அந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.)

பதினெட்டு நாள் ருசித்தார். சால்னா, ஊளி மீன் குழம்பு, நாரத்தங்காய் ஊறுகாய். எடை ஆறு கிலோ இறங்கியது. அறுவையைத் தள்ளிவைத்தார்கள். நான் பயந்துபோய் எண்ணெயைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். நாக்கு மறுபடி மரத்தது, எடை மட்டும் திரும்பவில்லை. இனி அறுவை முடியாது என்றார்கள். பங்குனியில் லிங்கராஜ் இறந்தார்.

வேறொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் நான் எதையும் படிக்கவில்லை, அவருக்கு எடை ஏறுகிறது, ஆனாலும் அறுவை மேசையில் இறக்கிறார். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவரை அங்கேயும் சாகடிக்கிறேன் என்று புரிந்ததும் கிழித்துப் போட்டேன்.

5

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உமாராணி என் வீட்டுக்கு வந்தார்.

"எண்ணெயக் கொறச்சதாலயா அண்ணாச்சி போய்ட்டாவ?"

"இல்லம்மா."

"நெசமா?"

"நெசமா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. காப்பியை இரண்டு வாய் குடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ கடைசி மாசம் ஏன் திரும்ப எண்ணெ ஊத்தச் சொன்னிய? ருசி தெரியாமயே அனுப்பிட்டனே அவியள."

அடுத்த வரி நான் பேச வேண்டியது. மூன்று நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன். உமாராணி எதிரே உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு ஏதாவது தோன்றினால், அவர் எழுந்து போவதற்குள் சொல்லிவிடுங்கள்.