கண் மட்டம்

போலீஸ்காரன் வரைந்த படத்தில் என் மகன் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தான். "கண்ணு, மூக்கு, காது எல்லாம் இருக்குல்ல தோன்யா, போதும்" என்றான் அந்தப் புண்ணியவான். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, இவன்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நானே வரைகிறேன் என்று முடிவு பண்ணினேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் பென்சிலைத் தொட்டதே இல்லை. பஸ் நிலையத்தில் சோளம் அவித்து, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவி விற்கிறவளுக்கு பென்சில் எதற்கு?

என் பெயர் ஒப்துலியா, தோன்யா என்பது ஊர் கொடுக்கிற மரியாதை. வாய் ஜாஸ்தி என்பார்கள். இருக்கட்டும்.

என் மகன் காஸ்பர் காணாமல் போன அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சலூன் கிடையாது. சாயங்காலம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறானாம், தலை காடாகக் கிடக்கிறதாம். "நீயே வெட்டிவிடும்மா" என்றான். பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி வெட்டினேன். சீப்பு நழுவி, இடது காதுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் தெரிகிற மாதிரி மழிந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்தவன், "ஆட்டுக்குட்டிய செரைக்கிற மாதிரி செரைச்சி வெச்சிருக்கியே" என்றான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவனுக்குக் கோபம். நீலத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இத எவன் முன்னாடியாவது கழட்டினேன்னா என் பேரு காஸ்பர் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவன் போய்ச் சேரவே இல்லை.

நீலத் தொப்பி என்று போலீஸில் சொன்னேன். அந்த மழிப்பை யாரிடமும் சொல்லவில்லை. எதற்குச் சொல்வது? காணாமல் போனவனின் தாய்க்கு முடிவெட்டத் தெரியாது என்று போஸ்டரில் போடுவதற்கா?

சனிக்கிழமை சாயங்காலம் பூங்கா மண்டபத்தில் படம் வரைகிற கூட்டம் ஒன்று கூடும், அதில் போய்ச் சேர்ந்தேன். கடைகளுக்குப் போர்டு எழுதும் ஃபிதென்சியோதான் அதற்கு மாஸ்டர். வாரம் ஒரு சவால். ஒரு வாரம் செருப்பு, ஒரு வாரம் முட்டை, ஒரு வாரம் தூங்குகிற நாய். எல்லோரும் அதையே வரைந்து அடுத்த சனிக்கிழமை கொண்டுவந்து கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். பெயரைப் பின்பக்கம்தான் எழுதலாம். யார் படம் என்று தெரிந்தால் மச்சானுக்கு மச்சான் ஓட்டுப் போட்டுக்கொள்வான் அல்லவா, அதனால். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு கோப்பை, ஆளுக்கு மூன்று சோளமணி. சோளம் என் கைங்கரியம். யார் கோப்பையில் அதிகம் விழுகிறதோ அவர்தான் அடுத்த வாரச் சவாலைச் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் ஒரே பாட்டைத்தான் பாடுவார். "கண் மட்டம் எங்க? மொதல்ல அந்தக் கோட்ட போடு. கோட்டுக்குக் கீழ இருக்கறத நீ குனிஞ்சு பாக்கற, மேல இருக்கறத நிமிந்து பாக்கற. படத்தப் பாத்தாலே வரைஞ்சவன் நின்னானா, உக்காந்தானா, படுத்துக் கெடந்தானான்னு சொல்லிடலாம்." என் முதல் மேசையைப் பார்த்துவிட்டு, "மேல்பலகைய பருந்து வரைஞ்சிருக்கு, கால எலி வரைஞ்சிருக்கு" என்றார். இன்னொன்றும் சொல்வார். "தெரிஞ்சத வரையாதீங்க. பாக்கறத வரைங்க."

வீம்புக்கு வரைந்தேன். சோளம் சுற்றித்தரும் காகிதத்தில், கணக்குச் சீட்டின் பின்னால், எங்கே வெள்ளையாக இருந்ததோ அங்கேயெல்லாம். சவால்கள் ஏற ஏற என் மேசை தரையில் நிற்க ஆரம்பித்தது. கை பழகியதும் காஸ்பரை வரைய வேண்டும், அவன் வயதாக ஆக அவனையும் வயதாக்கி வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். அவன் எங்கே என்று தெரிகிறவரை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஆள் வென்செஸ்லாவோ. மணல் லாரி ஓட்டுகிறவன். வண்டியும் அவனும் பின்னால் கிடக்கிற மண்வெட்டியும் சேர்த்தே வாடகை. பேச்சே கிடையாது. கொடி உயரமாக இருக்கும், எனக்கு எட்டாது. என்னைவிட ஒரு சாண் உயரமான அவன்தான் ஒவ்வொரு வாரமும் என் படத்தை வாங்கித் தொங்கவிடுவான். பென்சிலைக் கத்தியால் சீவித் தருவான். அவன் வரைந்த முட்டையைப் பார்த்தால் உடைத்து வாணலியில் ஊற்றலாம் போலிருக்கும்.

எங்கள் ஊரில் காணாமல் போனவர்களைத் தேடுகிற பெண்களுக்குத் தலைவி அம்பாரோ. அவள் புருஷனும் போனவன்தான். அவள் மாஸ்டரிடம் வந்து, வாரம் ஒரு முகத்தைச் சவாலாக வைக்கச் சொன்னாள். ஒரே போட்டோவை எல்லோரும் வரைய வேண்டும், ஜெயித்த படம் சந்தைச் சுவரில் ஏறும். மூன்றாவது வாரம் காஸ்பரின் முறை. பள்ளி முடித்தபோது எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். எண்ணெய் போட்டு வாரிய தலை, காதின் பாதியை மூடிய முடி.

அந்தச் சனிக்கிழமை கொடி முழுக்க என் பிள்ளை. ஒருத்தர் வரைந்ததில் அவன் மாமன் மாதிரி இருந்தான், ஒருத்தர் வரைந்ததில் பாதிரியார் மாதிரி. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு படத்தின் முன்னால் கால் நகரவில்லை. அது அவனேதான். கண்ணில் அவனுடைய அந்தக் கடுகடுப்பு. இடது காதுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு, முடி இல்லை.

தொப்பியில்லாமல் அன்றைக்கு அவனைப் பார்த்தவள் நான் ஒருத்தி. அவனாகக் கழற்றியிருக்க மாட்டான். யாரோ கழற்றியிருக்கிறார்கள், இதை வரைந்தவன் அங்கே இருந்திருக்கிறான். படத்தைத் திருப்பிப் பெயரைப் பார்க்கக் கையை நீட்டினேன்.

அதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார். "இது என்ன கூத்து? போட்டோவுல இந்த மழிப்பு இல்லியே. பாக்கறத வரைன்னு தொண்டை கிழியக் கத்தறேன். யாரு இது?" என்று படத்தைத் திருப்பினார். "வென்செஸ்லாவோ! நீயா?"

வென்செஸ்லாவோ படத்தைப் பார்த்தான். யாரோ வரைந்ததைப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. கை தெரிந்ததை வரைந்துவிட்டது.

மண்டபத்துக்கு எதிரில் ஒரு பலூன்காரன் உட்கார்ந்திருப்பான். பலூன் விற்று யாரும் பார்த்ததில்லை. யார் எங்கே போனார்கள், யாரோடு பேசினார்கள் என்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அவன் சேதி சொல்கிறான் என்பது ஊருக்கே தெரியும். கூட்டம் கூடுவதைக் கண்டதும் பூசணி விதையைக் கொரித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"நான்தான் சொன்னேன்" என்றேன். பஸ் நிலையத்தில் கூவுகிற குரலில். "போட்டோவுல இருக்கற எண்ணெத் தலையெல்லாம் என் புள்ள இல்ல, போன அன்னிக்கு நான் முடிவெட்டி நாசம் பண்ணேன், இங்க மழிச்சிட்டேன், அதையும் சேத்துப் போடுன்னு இவன்கிட்ட சொன்னேன். போதுமா மாஸ்டர்? என் மானத்த வாங்கியாச்சா?"

யாரோ சிரித்தார்கள். "சோளத்த உரிக்கிற மாதிரி உரிச்சிட்டீங்களா தோன்யா?" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பலூன்காரன் விதைத்தோலைத் துப்பிவிட்டுத் திரும்பிப் போனான்.

வென்செஸ்லாவோமேல் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போதே அவன் கழுத்தைக் கடித்துத் துப்பியிருப்பேன். ஆனால் பலூன்காரன் போய்ச் சொன்னால் இவனை விடியவிட மாட்டார்கள், செத்தவன் வாய் திறக்க மாட்டான். எனக்கு அவன் வாய் வேண்டும்.

ஓட்டு எண்ணுகிற சந்தடியில் அவன் பக்கத்தில் போய் நின்றேன். "எங்க?" என்றேன்.

"தோன்யா, எனக்குப் பொண்ணு இருக்கா."

"எனக்குப் பையன் இருந்தான். எங்க?"

அவன் கிளிப்புகளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். பையன் இருந்தான் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அவன் படம்தான் ஜெயித்தது. மாஸ்டர் வேண்டாவெறுப்பாக, "சரி, அடுத்த சவாலச் சொல்லித் தொலை" என்றார்.

"மரம்" என்றான் வென்செஸ்லாவோ. "அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச மரம்."

"பாக்கற மரம்."

"தெரிஞ்ச மரம், மாஸ்டர்" என்றான் மறுபடியும், என்னைப் பார்க்காமலேயே.

அந்த வாரம் நான் மரம் வரையவில்லை. சோளம் கருகியது, காசு வாங்காமல் கொடுத்தேன், ஒருத்தனிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டேன். சனிக்கிழமை அவன் லாரி வரவில்லை. அவன் மனைவிதான் சுருட்டிய காகிதத்தோடு வந்தாள். வேலைக்காக வடக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டானாம். கண் வீங்கியிருந்தது. "இத ஒங்க கையால மாட்டணும்னு சொன்னார்" என்று நீட்டினாள். ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினேன்.

பெரிய அத்திமரம். உச்சியில் இடி விழுந்து இரண்டாகப் பிளந்த கிளை, அந்தப் பிளவுக்கு நடுவே தூரத்தில் ஒரு புகைபோக்கி. பழைய சர்க்கரை ஆலையின் புகைபோக்கி, ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேர்கள் மட்டும் படத்தில் பூதாகாரமாகத் தெரிந்தன, மரம் நம்மேல் சாய்கிற மாதிரி இருந்தது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இவ்ளோ அழகா வரையத் தெரிஞ்சவன், கண் மட்டத்தக் கொண்டுபோயி மண்ணுல வெச்சிருக்கான் பாரு. வேரெல்லாம் மூக்குக்கு நேரா நிக்குது. என்ன, பெருச்சாளியா இவன்?"

எல்லோரும் சிரித்தார்கள். என் மூன்று சோளமணியையும் அந்தக் கோப்பையில் போட்டேன். தோற்ற படத்தை யாரும் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் அம்பாரோவிடம் படத்தைக் காட்டினேன், வேறொன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மண்வெட்டி, கடப்பாரை, தண்ணீர், அப்புறம் அந்த இரும்புக் கம்பி. கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, உருவி, நுனியில் பிண வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பார்கள். இந்த வித்தையை எங்கள் ஊர்ப் பெண்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், நாசமாய்ப் போக.

ஆலைப் பக்கம் போனோம். மரம் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. சுற்றிலும் கரும்பு. சுற்றிச் சுற்றி எங்கே அடிப்பது? படத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். புகைபோக்கி கிளைப் பிளவுக்குள் வந்து உட்காருகிறவரை நடந்தேன். "இங்க" என்றேன். கம்பி சுலபமாக இறங்கியது. அம்பாரோ மோந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வாடை இல்லை.

இருந்தாலும் தோண்டினோம். முழங்கால் ஆழம், ஒன்றுமில்லை. இடுப்பு ஆழம், ஒன்றுமில்லை. மார்பு ஆழம் வந்ததும் அம்பாரோ மண்வெட்டியை ஊன்றி, உறவு சொல்லிக் கூப்பிட்டாள். "கொமாத்ரே, அவசரத்துல பொதைக்கிறவனுங்க இவ்ளோ தோண்ட மாட்டானுங்க. எடம் தப்பு. வேற பக்கம் பாப்போம்."

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. கரையில் நின்று பார்த்தால் படம் பொருந்தவில்லை. மண்டியிட்டேன், பொருந்தவில்லை. தரையில் குப்புறப் படுத்து மோவாயை மண்ணில் வைத்தேன், அப்போதும் கண் கொஞ்சம் மேலேதான் இருந்தது. மோவாய்க்கு இடம் இல்லாத அளவுக்குத் தாழ்ந்து எவன் வரைவான் என்று யோசித்தபடியே குழிக்குள் இறங்கினேன். கொஞ்சம் முட்டியை மடக்கினேன். கண்ணும் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

வேர், முடிச்சு, பிளந்த கிளை, புகைபோக்கி. எல்லாம் கோட்டுக்குக் கோடு வந்து உட்கார்ந்தது.

அவன் இதைக் கரையில் நின்று பார்க்கவில்லை. குழிக்குள் நின்று பார்த்திருக்கிறான். மண்வெட்டியோடு. எனக்குப் பென்சில் சீவித் தந்த கை என் மகனுக்குக் குழி வெட்டியிருக்கிறது. கழுத்தில் துப்பாக்கி வைத்து வெட்டச் சொன்னார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது இந்த மரத்துக்கு முன்னால் என் காஸ்பர் நின்றிருப்பான். உயிரோடு, தொப்பி இல்லாமல், அந்தக் கடுகடுத்த முகத்தோடு. இவன் அதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து வெட்டியிருக்கிறான். பாவி. பாவி. அவனைச் சபிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அம்பாரோ கையை நீட்டினாள். "மேல வாங்க, கொமாத்ரே. போதும்."

"போதாது" என்றேன். "மண்வெட்டியக் குடு. நான் நிமிந்து நின்னா என் கண்ணு தரைக்குச் சரியா வரணும். அதுக்குக் கீழ இன்னும் ஒரு சாண்."

"அதென்ன கணக்கு?"

"வரைஞ்சவன் என்னவிட ஒரு சாண் ஒசரம்."

மாறி மாறி வெட்டினோம். என் கண் மட்டத்துக்குத் தரை வந்ததும் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையால் பறித்தேன். சாண் முடிவதற்குள் நீலத் துணி தெரிந்தது.

தொப்பி தலையில் இருந்தது. எவன் முன்னாலும் கழற்ற மாட்டேன் என்றவனுக்கு, யாரோ அதைத் திரும்ப மாட்டி, இரண்டு காதுவரைக்கும் நன்றாக இழுத்துவிட்டிருந்தார்கள்.