மதிலுக்கு வெளியே மானேஜர்

சபை டீக்கன் சத்தியநேசன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஒன்று சாவாக இருக்கும், இல்லையென்றால் சண்டையாக இருக்கும் என்று பனச்சக்கோணத்தில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அதைப் பார்த்ததும் நேசபாய்க்கு இன்னும் பயமாகிவிட்டது. மடியில் வைத்து லேஸ் பின்னிக்கொண்டிருந்த ரேந்தைத் தலையணையை, நூல் சுற்றிய கட்டைகள் கலையாமல், சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"அம்மைக்கு எப்படி இருக்கு?"

"கால் வீக்கம் எறங்கல்ல அண்ணா. இருங்க."

அவர் உட்காரவில்லை. தோளில் கிடந்த நேரியலை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

"நல்ல காரியமாக்கும் நேசபாயி. ஒனக்க அப்பா பேருல ஒரு கப்பு வைக்கப் போறோம். ஏசுஅடிமை நினைவுக் கோப்பை. வெள்ளியில. கொழும்புல இருந்து ஜான்ரோஸ் அனுப்பியிருக்கான். பந்தாட்டத்துல கோலி நின்னானே, அவந்தான்."

அப்பாவின் பெயரை அந்த மனிதர் வாயிலிருந்து கேட்டுப் பன்னிரண்டு வருடமாகியிருந்தது.

ஏசுஅடிமை மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியாராக இருந்தவர். ஆனால் அருமனை முதல் களியக்காவிளை வரைக்கும் அவரை மானேஜர் என்றுதான் சொல்வார்கள். கால்பந்து அணிக்கு அவர்தான் மானேஜர். பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுகிற பையன்களை விட்டுவிட்டு, பனையேறுகிறவர்களின் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார். பனையேறிப் பழகியவனுக்குக் கால்விரலும் கைவிரல் மாதிரிதான், பந்தைப் பிடித்து நிறுத்தும் என்பார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் புன்னைக்காய்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, இந்தக் காய் இங்கே போனால் அந்தக் காய் எங்கே வரும் என்று தனக்குள் பேசிக்கொண்டிருப்பார். "பந்து ஓடட்டும்லே, நீ நட" என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வெறுங்காலோடு ஆடிய அந்த அணி ஐந்து வருடத்தில் பள்ளிக்கூட அணிகளையும், வக்கீல்மார் வைத்திருந்த அணிகளையும், கடைசியில் திருவனந்தபுரத்தில் பட்டாளத்து அணியையும் ஜெயித்தது.

அந்தக் கடைசி ஆட்டம்தான் வினையாயிற்று.

சனிக்கிழமை ஆடியபோது வெயில் காய்ந்தது. யாருக்கும் கோல் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி ஆட வேண்டும், வராவிட்டால் கோப்பை பட்டாளத்துக்கு என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க மழை கொட்டியது. சேறான மைதானத்தில் பூட்ஸ் போட்டவன் வழுக்குவான், பனையேறிப் பழகிய வெறுங்கால் விரலூன்றி நிற்கும் என்று மானேஜருக்குத் தெரியும். ஆனால் ஞாயிறு கர்த்தருடைய நாள். பனச்சக்கோணம் சபையில் ஞாயிற்றுக்கிழமை பனைகூட ஏறமாட்டார்கள். அன்றைய பதனீர் கலயத்திலேயே கிடந்து புளித்தாலும் விட்டுவிடுவார்கள். விளையாடக்கூடாது என்று போதகர் ஆள் அனுப்பினார். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மானேஜர் மைதானத்தின் ஓரத்தில் நின்று சொன்னாராம்: "பாவம் எனக்கு. நீங்க பந்தைப் பாருங்கலே."

பார்த்தார்கள். சத்தியநேசன்தான் கோல் அடித்தார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று விளையாடியவர்கள் எல்லாரும் சபை முன்னால் வரிசையாக நின்று மன்னிப்புக் கேட்டார்கள். மானேஜர் கட்டாயப்படுத்தினார் என்றார்கள். முதலில் சொன்னதும் சத்தியநேசன்தான். மானேஜர் ஆலயத்துக்கு வரவே இல்லை. சபை விலக்கு விழுந்தது. பள்ளிக்கூட வேலை போயிற்று. மிஷன் போர்டிங்கில் கட்டணமில்லாமல் படித்துக்கொண்டிருந்த நேசபாயைத் தகரப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஜியாமெட்ரியில் வட்டம் தொடங்கியிருந்தது. முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மானேஜரை யார் கூப்பிட்டாலும் போவார். களியக்காவிளைக்காரன் வண்டி அனுப்புவான். பூதப்பாண்டிக்காரன் வந்து கையைப் பிடிப்பான். இரண்டு மாதத்தில் ஒன்றுமில்லாத அணியை அணியாக்கிக் காட்டுவார். மூன்றாம் மாதம் குடித்துவிட்டு அணி வைத்திருக்கிற முதலாளியைச் செவிட்டில் அறைவார். குடி முன்பே உண்டு. வேலை போன பிறகு அதற்கு நேரமும் கிடைத்தது. ஜெயித்த நாளில் ஊருக்கு மானேஜர். தோற்ற நாளில் வீட்டுக்கு. அந்த நாட்களில் அம்மா ராகேல் அரிவாள்மணையை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்துவிட்டுத்தான் கஞ்சி விளம்புவாள். பூதப்பாண்டியில் தோற்ற அன்றைக்கு அவளுடைய வலது மணிக்கட்டை முறித்தார். அது கோணலாகவே கூடியது. இதற்காகச் சபைக் கமிட்டி ஒருநாளும் கூடியதில்லை.

ஈரல் வீங்கிச் செத்தார். சபை விலக்கானவருக்கு மணி கிடையாது, போதகர் கிடையாது. கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மதிலுக்கு வெளியே, அயினி மரத்தடியில் குழி வெட்டினார்கள்.

"அப்பா பேரு வைக்கதுக்கு எங்ககிட்ட என்ன கேக்கணும்? வச்சிக்கிடுங்க," என்றாள் நேசபாய்.

"அதுல்ல மக்கா. ஜான்ரோஸ் ஒரு கண்டிசன் போட்டிருக்கான். மானேஜருக்க பெஞ்சாதி கையால, இல்லேன்னா மக கையால கப்பு குடுக்கணும். இல்லேன்னா வெள்ளியத் திருப்பி அனுப்பணுமாம். பைத்தியாரன்."

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. நடக்க முடியாதே தவிர, காது நன்றாகக் கேட்கும்.

"சத்தியநேசா! ஒனக்குக் கப்பு வேணும். எனக்கு அந்த ஆளு உள்ள வரணும்."

"எங்க உள்ள வரணும் அக்கா?"

"மதிலுக்கு உள்ள. வேற எங்க? ஒனக்க வீட்டுக்கா?"

டீக்கன் வாசலில் நின்று யோசித்தார். பிறகு, குழியைத் தோண்டி எடுப்பது ஆகாது, மேற்கு மதிலைக் கொஞ்சம் வளைத்துக் கட்டினால் கல்லறை தானாக உள்ளே வந்துவிடும், கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

அவர் போனபிறகு நேசபாய் அம்மாவின் கட்டில் பக்கம் போனாள்.

"அந்த ஆளு ஒன்ன அடிச்சது போராதா? பக்கத்துல வேற வேணுமா?"

"ஏட்டி, கர்த்தர் வரும்ப எக்காளம் ஊதும்லா? நான் உள்ள இருந்து எழும்புவேன். அந்த ஆளு மதிலுக்கு அங்க நின்னு, ராகேலு, ராகேலுன்னு விளிக்கும். எனக்கு அது கேக்கும். கேட்டுட்டு எப்படிட்டி போவேன்?"

"போணும்னு நெனச்சா போலாம்."

"நீ போவ. நான் போமாட்டேன்." அம்மா கோணல் கையால் அவள் கன்னத்தைத் தடவினாள். "எனக்கு நாள் இல்ல மக்கா. நீதான் பாத்துச் செய்யணும்."

நேசபாய் செய்வதாகச் சொன்னாள். அப்பாவுக்காக ஒரு கல்லைக்கூட நகர்த்த அவளுக்கு மனமில்லை. அம்மாவுக்காக மலையை நகர்த்தலாம்.

கமிட்டி கூடியது. மதிலை வளைக்கச் சம்மதித்தது. ஆனால் செத்தவர் மன்னிப்புக் கேட்காமல் செத்தவர்; ஆகவே அவருக்குப் பதிலாக மகள் திருவிருந்து ஞாயிறன்று சபை முன் நின்று கேட்க வேண்டும். சொல்ல வேண்டியதைப் போதகர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். மதுபானம் என்ற பாவத்திற்காகவும், ஓய்வுநாளைப் பந்தாட்டத்தால் கெடுத்து வாலிபரை இடறப்பண்ணிய பாவத்திற்காகவும். இரண்டே வரி.

"வாசிச்சிட்டு இருந்திரு. அவ்வளவுதான்," என்றார் சத்தியநேசன். "அடுத்த சனிக்கிழமை கப்பு. திங்கக்கிழமை கொத்தனார்."

அந்த ஞாயிறு அம்மாவின் வெள்ளைக் கவணியைப் போர்த்துக்கொண்டு நேசபாய் போனாள். பிரசங்கம் முடிந்ததும் போதகர் தலையசைத்தார். அவள் முன்னால் போய் நின்று திரும்பினாள். இடப்பக்கம் பெண்கள் பாயில் இருந்தார்கள். வலப்பக்கம் ஆண்கள். ஆண்களில் முன்வரிசைப் பெஞ்சில் அந்த அணியில் பாதிப்பேர் இருந்தார்கள். இப்போது தொந்தியும் மூக்குக்கண்ணாடியும் வந்திருந்தன.

முதல் வரியை வாசித்தாள். குடிக்காக மன்னிப்புக் கேட்க அவளுக்குக் கஷ்டமில்லை, மனதாரவே கேட்டாள்.

இரண்டாவது வரிக்கு வந்தபோது நாக்கு நின்றுவிட்டது. பட்டாளத்தை ஜெயித்த ஞாயிறு ராத்திரி அவளுக்கு ஞாபகம் இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா சேற்றுக்காலோடு வந்தார். குடித்திருக்கவில்லை. முற்றத்தில் கால் கழுவிவிட்டு, "ராகேலு, கஞ்சி இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து குடித்தார்கள். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் பயப்படாத ராத்திரி அது ஒன்றுதான்.

"வாசி," என்றார் போதகர்.

அவள் காகிதத்தை மடித்தாள். "ஐயா, ஓய்வுநாள்ல பந்து வெளையாடினது எனக்க அப்பா இல்ல. அவரு கரையிலதான் நின்னாரு. எறங்கி வெளையாடினவங்க முன்பெஞ்சில இருக்காங்க."

பெண்கள் பக்கம் ஒருத்தி சட்டென்று இருமினாள்.

"நேசபாய்! எழுதினதை மட்டும் வாசி."

"எனக்க அம்மைக்க கைய ஒடிச்சாரே, அதுக்கு மன்னிப்புக் கேக்க நீங்க எழுதித் தரல்லியே ஐயா. அது எழுதியிருந்தா வாசிச்சிருப்பேன்."

சத்தியநேசன் குனிந்து வேதப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவளைச் சுற்றிப் பாட்டு எழுந்தது. அவள் நடுவே நடந்து வெளியே வந்தாள்.

வழியெல்லாம் அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. இத்தனை வருடத்தில் நாலு பேர் முன்னால் அவள் வாய் திறந்ததில்லை. கால் தரையில் படவில்லை. வீட்டு வாசலில் வந்த பிறகுதான், உள்ளே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது உறைத்தது.

"வாசிச்சியா?" என்று கேட்டாள் அம்மா.

நேசபாய் நடந்ததைச் சொன்னாள். முன்பெஞ்சு என்ற இடத்தில் அவளுக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

"அப்போ மதிலு?"

"வளைக்கமாட்டாங்க அம்மா."

"ஜெயிச்சிட்டு வந்திருக்க," என்றாள் அம்மா. "கப்பு எங்க?"

நேசபாய் கவணியைக் கழற்றி மடிக்கத் தொடங்கினாள்.

"அந்த ஆளும் இப்படித்தான் ஜெயிச்சிட்டு வந்தாரு. அதுக்கு நீயும் நானும் குடுத்த வெல ஒனக்குத் தெரியும். இப்போ நீ ஜெயிச்சிருக்க. நான் குடுக்கேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்திலிருந்து கூச்சல் வீடுவரை கேட்டது. ஏசுஅடிமை கோப்பையைப் போதகரின் மனைவி கொடுத்தாளாம். மானேஜரைப் போல ஒரு மூளையைத் தேசத்தில் பார்க்க முடியாது என்று சத்தியநேசன் அரைமணி நேரம் பேசினாராம். எந்தக் கிழமை ஜெயித்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லையாம்.

நேசபாய் செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். அவர் புளிய மரத்தடியில் நின்று தேங்காய் எண்ணிப் போடுகிறவனிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நான் வாசிக்கேன். நீங்க என்ன எழுதித் தந்தாலும் வாசிக்கேன். இன்னும் ரெண்டு வரி கூட்டி எழுதுங்க. முட்டுக்குத்தி நிக்கச் சொன்னாலும் நிக்கேன்."

"இனி எதுக்கு மக்கா?"

"மதிலுக்கு."

"கப்பு குடுத்தாச்சே. மானேஜருக்க வீட்டுக்காரிக்குச் சொகமில்லன்னு ஜான்ரோசுக்குச் சொல்லியும் விட்டாச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. "இனி கமிட்டியில போய் மதிலுன்னு சொன்னா, எதுக்குன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல? அடுத்த வருசம் பாக்கலாம்."

அடுத்த வருடம்வரை அம்மா இருக்கவில்லை. ஆடி மாத மழையில், ஒரு காலையில், கஞ்சி வாயோரம் வழிய, போய்விட்டாள். அந்த ஞாயிறுக்குப் பிறகு தண்ணீர், கஞ்சி, போர்வை என்று மூன்று வார்த்தைகள்தான் மகளிடம் பேசினாள். ராகேல் ஒரு திருவிருந்துகூடத் தவறவிடாதவள். அவளுக்கு மணி அடித்தார்கள். போதகர் குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். கிழக்கு ஓரத்தில், மேற்கு மதிலிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில், குழி வெட்டியிருந்தார்கள்.

பெட்டியை இறக்கியபோது மழை வலுத்தது. கயிறு பிடித்தவர்கள் எல்லாரும் அந்தக் காலத்தில் மானேஜரின் அணியில் இருந்தவர்கள். ஜெபம் முடிந்ததும் ஒருவர் கையை நீட்டி மழையைப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த மாதிரி மழைதான் அன்னைக்கு. இல்லியாலே?"

"இதவிடக் கூடுதலு. முட்டளவு சேறுல்லா. நம்ம டீக்கன் எடதுபக்கம் கொண்டுபோய், பந்த அப்படியே காலுல ஒட்டி வச்சிக்கிட்டு…"

"மானேஜரு கரையில நின்னு, நடலே, நடலேன்னு விளிச்சாருல்லா!"

சத்தியநேசன் சிரித்துவிட்டார். பிறகு இடம் தெரிந்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "இனி அப்படி ஒருத்தன் பொறக்கமாட்டான்," என்றார்.

நேசபாய் குழிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். சேறு அவள் விரலிடுக்கில் ஏறியிருந்தது. அவர்கள் பேசி முடிப்பார்கள் என்று பார்த்தாள். முடிக்கவில்லை.

"மண்ணத் தள்ளுங்க," என்றாள்.